அண்ணாந்து குடித்த தண்ணீர்

போன வாரம் நம் நடைப்பயிற்சிக் கூட்டத்தில் ஒருத்தி வரவில்லை. ஏன் என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். அவள் வீட்டுக்காரருக்கு நெஞ்சைத் திறந்து பெரிய ஆபரேஷன். மனுஷன் பிழைத்து வந்துவிட்டார், ஆனால் குரல் போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. நீங்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னீர்கள். பனங்கற்கண்டு என்றாள் ஒருத்தி. யூடியூபில் பார்த்த கஷாயம் என்றார் இன்னொருத்தர். நான் போன் போட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "அவரு தண்ணி எப்படிக் குடிக்கிறாரு?" அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "கொரலு போச்சேன்னு நான் அழுதுக்கிட்டு இருக்கேன், நீ தண்ணியப் பத்திக் கேக்குறியே" என்று போனை வைத்துவிட்டாள். ஏன் கேட்டேன் என்பதைப் போனில் சொல்லி மாளாது, அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். பொறுமை இல்லாதவர்கள் போய்க் காபி குடியுங்கள்.

எனக்கு அப்போது ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ. சிம்மக்கல்லில் ஒரு சந்துக்குள் வீடு. விடிந்தால் மூட்டை இறக்கும் சத்தம், சாக்குத் தூசி, வத்தல் நெடி. முக்கில் நாட்டு மருந்துக் கடை. அந்தக் கடையைத் தாண்டும்போது வரும் வாசனையைக் கண்ணை மூடிக்கொண்டால் இப்போதும் என்னால் பிரித்துச் சொல்ல முடியும். வீட்டில் நாங்கள் நாலு பேர். அப்பா சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. அம்மா. நான். அப்புறம் அத்தை, அப்பாவின் அக்கா. இளம் வயதிலேயே புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். வெள்ளைச் சேலை, கறாரான பேச்சு. அடுப்படி அவள் ராஜ்ஜியம்.

அம்மாவுக்குக் கணீரென்ற குரல். வாசலில் நின்று என் பெயரைக் கூப்பிட்டால் மருந்துக் கடைக்காரர், "பாப்பா, ஒங்கம்மா கூப்பிடுறாக, ஓடு" என்பார். குழாயடியில் அம்மா வாயைத் திறந்தால் வரிசை தானாக நேராகிவிடும். அந்தச் சத்தம் எனக்கு அப்போது வெட்கமாக இருக்கும். மெதுவாகப் பேசுகிற அம்மா வாய்த்த பிள்ளைகளைப் பார்த்து ஏங்கியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் யாரும் டம்ளரில் வாய் வைக்க மாட்டோம். தண்ணீரோ மோரோ கொதிக்கிற காபியோ, அண்ணாந்து, உதட்டில் படாமல் ஊற்றித்தான் குடிக்க வேண்டும். வாய் வைத்தால் எச்சில். எனக்கு அதைப் பழக்கியது அத்தைதான். மூக்கில் ஏறி, சட்டையெல்லாம் நனைந்து, கடைசியில் ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்த அன்று எனக்கு ஒரு உருண்டை வெல்லம் கிடைத்தது. அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் தெரியாமல் டம்ளரில் வாய் வைத்துக் காபி குடித்துவிட்டாளாம். அத்தை ஒரு வார்த்தை பேசாமல் அந்த டம்ளரை இடுக்கியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் வாசல் கல்லில் வைத்தாளாம். விசேஷ வீடுகளில் சொந்தக்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அதற்கப்புறம் அவள் வாய் வைத்துக் குடித்ததே இல்லை.

அந்த வருஷம் அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சாயங்காலமானால் கால் வீங்கும். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இருதயத்தில் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டது, ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா அம்மாவை மெட்ராசுக்குக் கூட்டிப்போனார். நானும் அத்தையும் மட்டும் வீட்டில். அத்தை ஒருவேளைதான் சாப்பிட்டாள். கேட்டால் பசிக்கவில்லை என்றாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அப்பாவின் ஆபீசுக்கு டிரங்க் கால் வந்து, பியூன் சைக்கிளில் வந்து சொன்னபோது அத்தை அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். அத்தை அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அம்மா வந்த அன்று அத்தைக்கு முன்னால் ரயிலடிக்கு ஓடினேன். மெலிந்து, சேலைக்குள் ஆளே இல்லாத மாதிரி இறங்கினாள். என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள். என் பெயர் வரவில்லை. புஸ்ஸென்று காற்று வந்தது. நான் பயந்து போய் அத்தையின் பின்னால் ஒதுங்கினேன்.

"தொண்டைக்குள்ள கொழாய் போட்டிருந்தாக. புண்ணு ஆறினா வந்துரும்" என்றார் அப்பா. அப்படித்தான் நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

வரவில்லை. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க நாலு சொல் சொல்வதற்குள் அவளுக்குக் களைத்துவிடும். அப்பா நல்லெண்ணத்தில் ஒரு சிலேட்டும் பல்பமும் வாங்கி வந்தார். அம்மா அதை வாங்கி, "என்னைய ஒண்ணாப்புல சேக்கப் போறீகளா?" என்று எழுதி அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். அதற்கப்புறம் அதைத் தொடவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் வளையலால் கட்டில் சட்டத்தில் தட்டுவாள். டக், டக். அந்தக் கண்ணாடி வளையல் சத்தத்துக்காக நாள் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

இனிமேல் சொல்லப்போவதைத்தான் கவனமாகக் கேட்க வேண்டும். அம்மா கையை உயர்த்தினால் விலாவில் தையல் இழுக்கும். அண்ணாந்து ஊற்றிக்கொள்ள முடியாது. அதனால் அத்தையே ஊற்றினாள். எங்களிடம் ஒரு மூக்குச் செம்பு இருந்தது, பித்தளை, உள்ளே ஈயம் பூசியது. அத்தை கட்டிலோரம் உட்கார்ந்து, அம்மாவின் தலையைத் தன் முழங்கையில் சாய்த்து, நெற்றியைப் பின்னால் தள்ளி, அந்த மூக்கு வழியாகச் சன்னமாக ஊற்றுவாள். வெந்நீர், சீரகத் தண்ணீர், மருந்துக் கடையில் வாங்கிய சித்தரத்தையும் அதிமதுரமும் தட்டிப்போட்ட கஷாயம். வேளை தவறாமல் கொடுத்தாள். தன் வயிற்றுப் பிள்ளைக்குக்கூட யாரும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இரண்டு மடக்கு இறங்கும். அப்புறம் இருமல். சாதாரண இருமல் இல்லை. முகம் கன்றிச் சிவந்து, கண் பிதுங்கி, தையல் பிரிந்துவிடுமோ என்று தலையணையை விலாவில் அழுத்திக்கொண்டு அம்மா வளைந்துவிடுவாள். அந்த இருமலிலும் சத்தம் கிடையாது, காற்றுதான். அத்தை முதுகைத் தடவிக்கொடுத்து, "இரு ஆத்தா, இரு. சளி அறுந்து வருது. அம்புட்டும் வெளிய வந்துரட்டும்" என்பாள். இருமினால் நல்லது என்றே வீட்டில் எல்லோரும் நினைத்தோம். இருமல் குறைந்த நாளில் அத்தை கஷாயத்தைக் கூட்டினாள்.

காய்ச்சல் வந்தது. தெருமுனை டாக்டர் ஊசி போட்டார், விட்டது. மறுபடி வந்தது. இப்போது யோசித்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. குழையப் பிசைந்த தயிர்ச் சோறு அவளுக்கு ஒருநாளும் புரையேறியதில்லை. இட்லி ஏறியதில்லை. தண்ணீர்தான் ஏறியது. இதை எல்லோரும்தான் பார்த்தோம், ஒருத்தர் மண்டையிலும் உறைக்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சந்து முக்கில் நின்றுவிடுவேன். வீட்டிலிருந்து ஏதாவது கேட்கிறதா என்று பார்ப்பேன். வளையல் சத்தம் கேட்டால் உயிர் வரும். கேட்காவிட்டால் அங்கேயே நிற்பேன். மருந்துக் கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "போ பாப்பா, ஒண்ணுமில்ல, போ" என்பார். அவருக்கு எப்படித் தெரியும் என்று அவர் மேல் எனக்குக் கோபம் வரும். ஒருநாள் குழாயடியில் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். "நெஞ்சத் தொறந்தா அம்புட்டுத்தான். இழுத்துக்கிட்டுக் கெடக்கா பாவம்." "அந்தப் பிள்ளைக்கு இனி அத்தைதான் அம்மா." குடத்தை அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கு அத்தை தலை பின்ன வந்தபோது கையைத் தட்டிவிட்டேன். அவளுக்குக் காரணம் தெரியாது. சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள்.

மூன்றாவது தடவை காய்ச்சல் வந்தபோது தெருமுனை டாக்டர் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார். "நுரையீரல்ல அடிக்கடி சளி கட்டுது. எனக்கு இது சரியாப் படலே. கொழாய் போட்ட புண்ணும் இம்புட்டு நாளைக்கு இருக்காது. காய்ச்சல் விட்டதும் திருநகர்ல ஒரு தொண்டை டாக்டரம்மா இருக்காக, காட்டிருங்க. தள்ளிப் போடாதீக" என்றார். அப்பாவின் முகம் வெளுத்துப் போனதைப் பார்த்தேன். மெட்ராசில் எல்லாம் முடிந்துவிட்டது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

திருநகருக்கு நாலு பேரும் டவுன் பஸ்ஸில் போனோம். எங்கள் சந்துக்கும் அந்தத் தெருக்களுக்கும் சம்பந்தமே இல்லை. அகலமான ரோடு, மரம், காம்பவுண்டுச் சுவர், ஒரு சத்தம் இல்லை. டாக்டரம்மா தன் வீட்டு முன்னறையில் பார்த்தார். நெற்றியில் வட்டக் கண்ணாடி, சின்ன ஸ்பிரிட் விளக்கு. நுனியில் முகம் பார்க்கும் குட்டிக் கண்ணாடி பொருத்திய ஒரு கம்பியை விளக்கில் காட்டிச் சூடாக்கி, அம்மாவின் நாக்கை வெள்ளைத் துணியால் பிடித்து இழுத்து, தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார். "ஈ சொல்லுங்க. இன்னொரு தடவ." அம்மாவுக்கு ஓங்கரித்தது. நான் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

பார்த்து முடித்ததும் அம்மா தண்ணீர் வேண்டும் என்று சைகை காட்டினாள். மேஜைமேல் கூஜாவும் டம்ளரும் இருந்தன. அத்தை எழுந்து, வழக்கம் போல அம்மாவின் நெற்றியைப் பின்னால் சாய்த்து ஊற்றினாள். வழக்கம் போல இருமல்.

"நிறுத்துங்க!" என்று டாக்டரம்மா போட்ட சத்தத்தில் டம்ளர் அத்தை கையிலிருந்து விழுந்தது. "தெனமும் இப்படித்தான் குடிக்கிறாங்களா?"

"நாங்க வாய் வச்சுக் குடிக்க மாட்டோம் டாக்டர்" என்றாள் அத்தை, கொஞ்சம் பெருமையாகவே. "அவளுக்குக் கை தூக்க முடியல. நாந்தான் ஊத்துறேன். வேளா வேளைக்கு."

டாக்டரம்மா அம்மாவின் இருமல் அடங்கும் வரை காத்திருந்தார். அப்புறம் டம்ளரில் கொஞ்சமாகத் தண்ணீர் எடுத்து அம்மாவின் உதட்டில் வைத்தார். "தாடையை நெஞ்சோட ஒட்டுங்க. முகத்தை இடப்பக்கமாத் திருப்புங்க. ஒரு வாய் மட்டும் உறிஞ்சுங்க. இப்ப முழுங்குங்க." அம்மா அத்தையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினாள். நாங்கள் நாலு பேரும் இருமலுக்காகக் காத்திருந்தோம். அது வரவில்லை.

அப்புறம் அவர் எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். குரலுக்குப் போகிற இடப்பக்க நரம்பு நேராகத் தொண்டைக்குப் போவதில்லை. நெஞ்சுக்குள் இறங்கி, பெரிய ரத்தக் குழாயைச் சுற்றிக்கொண்டு திரும்ப மேலே ஏறுகிறது. நெஞ்சைத் திறந்து வேலை செய்யும்போது அதில் அடிபட்டிருக்கலாம், சில பேருக்கு அப்படி ஆகும். "குரல்வளையில ரெண்டு கதவு இருக்குன்னு வைங்க. ரெண்டும் சேர்ந்து மூடினாத்தான் சத்தம் வரும். விழுங்குறப்ப மூடினாத்தான் தண்ணி தப்பான வழியில போகாது. இவங்களுக்கு ஒரு கதவு அசையலே. அண்ணாந்து குடிச்சா தண்ணி நேரா நுரையீரலுக்குத்தான் போகும். காய்ச்சல் அதனாலதான் வருது."

"தண்ணியா?" என்றாள் அத்தை. "நான் ஊத்துன தண்ணியா டாக்டர்?"

"யாரு ஊத்தினாலும் அப்படித்தாம்மா. உங்களுக்கு யாரும் சொல்லலையே."

"நான் ஊத்துன தண்ணியா?" என்று அத்தை மறுபடியும் கேட்டாள். டாக்டரம்மா அப்பாவிடம் திரும்பி மீதியைச் சொன்னார். சில மாதம் பொறுக்க வேண்டும், நரம்பு தானாகவே விழித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் மெட்ராசில் ஊசி போட்டு அந்தக் கதவைத் தடிக்க வைப்பார்கள். தையல் நன்றாகக் கூடினதும் ஒரு பயிற்சி இருக்கிறது. அதுவரைக்கும் கெட்டியான கஞ்சி, நிமிர்ந்து உட்கார்ந்து, வாய் வைத்து, குனிந்து. "இன்னொரு தடவ நுரையீரல்ல சளி கட்டினா இந்த உடம்பு தாங்காது. புரியுதா?" எல்லோருக்கும் புரிந்தது. எனக்குந்தான்.

பஸ்ஸில் அத்தை தன் இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு வந்தாள்.

இதோடு முடிந்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? வீட்டுக்கு வந்ததும் அம்மா மாட்டேன் என்றுவிட்டாள். டாக்டர் முன்னால் செய்ததை அத்தை முன்னால், அத்தையின் அடுப்படி டம்ளரில் செய்ய அவளால் முடியவில்லை. அப்பா டம்ளரை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணாந்து குடிக்கப் பயம், வாய் வைத்துக் குடிக்க வெட்கம். அன்றைக்கு முழுக்க அவள் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. மறுநாள் மத்தியானம் உதடு வெடித்து, வளையலைத் தட்டக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். "பிள்ளையப் பாருடி, அதுக்காகவாச்சும் குடி" என்று அப்பா என்னை முன்னால் தள்ளினார். எனக்கு அழுகைதான் வந்தது. உயிரை விட இடுக்கிக்குப் பயப்படுகிறாளே என்று ஆத்திரமாகவும் வந்தது.

அப்போது அத்தை அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் இரண்டு டம்ளர். அம்மாவை நிமிர்த்தி உட்கார வைத்து முதுகுக்குத் தலையணை கொடுத்தாள். எதிரே தானும் உட்கார்ந்தாள். ஒரு டம்ளரை எடுத்துத் தன் உதட்டில் வைத்தாள். தாடையை நெஞ்சில் ஒட்டி, முகத்தை இடப்பக்கம் திருப்பி, டாக்டரம்மா சொன்னபடியே உறிஞ்சினாள். பழக்கமே இல்லாத வாய். பாதி உள்ளே போனது, பாதி வெள்ளைச் சேலையில் வழிந்தது.

"இந்தா, வச்சுட்டேன்" என்றாள் வாயைத் துடைக்காமலே. "இனிமே இந்த வீட்ல எச்சியும் இல்ல, கிச்சியும் இல்ல. குடி ஆத்தா. நீ ஒரு மடக்கு குடிச்சாத்தான் நான் அடுத்த மடக்கு."

அம்மா டம்ளரை வாங்கினாள். அது பல்லில் இடித்தது. குனிந்து ஒரு மடக்கு. அத்தை ஒரு மடக்கு. மறுபடி அம்மா. டம்ளர் காலியாகும் வரை இப்படியே. வெளியே சந்தில் யாரோ வெங்காயம் விற்றுக்கொண்டு போனார்கள். அத்தையின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, அவள் குடித்துக்கொண்டே இருந்தாள். அந்த மூக்குச் செம்பை நான் அதற்கப்புறம் எங்கள் வீட்டில் பார்க்கவில்லை. எங்கே போனது என்று யாரும் கேட்கவும் இல்லை.

காய்ச்சல் திரும்ப வரவில்லை. ஆனாலும் பயம் போகவில்லை. அம்மா டம்ளரைத் தொட்டால் போதும், மூன்று பேரும் செய்கிற வேலையை நிறுத்திவிடுவோம். தையல் கூடியதும் பயிற்சி. இரண்டு உள்ளங்கையையும் சுவரில் வைத்துத் தள்ளிக்கொண்டே "ஆ" என்று அடித் தொண்டையிலிருந்து சொல்ல வேண்டும். அசையாத கதவை நோக்கி மற்றக் கதவு எட்டி வர வேண்டுமாம். தனியாகச் செய்ய அம்மாவுக்குக் கூச்சம். அத்தை பக்கத்தில் நின்று தானும் சுவரைத் தள்ளினாள். அம்மாவிடமிருந்து காற்று வரும், அத்தையிடமிருந்து ஊரைக் கூட்டும் "ஆ" வரும். பக்கத்து வீட்டம்மா, "என்னக்கா, செவுத்த இடிச்சுப் பெருசாக்குறீகளா?" என்று எட்டிப் பார்த்தாள். அம்மா சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சிரித்தாள்.

பிறகு ஒருநாள் சாயங்காலம் சந்தில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தேன். கரகரவென்று ஓர் ஆம்பளைக் குரல் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. யாரோ கெட்ட செய்தி சொல்ல வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். ஓடினேன். வாசலில் அம்மா மட்டும்தான் நின்றுகொண்டிருந்தாள். தொண்டையைக் கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை கூப்பிட்டாள். அந்தக் குரல்தான் கடைசி வரை அவளுக்கு நிலைத்தது. பழைய கணீர்க் குரல் வரவே இல்லை. ஊசிக்கு மெட்ராஸ் போக வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

நேற்று நம் சிநேகிதி தானாகவே கூப்பிட்டாள். "நீ கேட்டியே, எங்க வீட்ல அண்ணாந்துதான் குடிப்போம். அவரு ஒவ்வொரு தடவையும் இருமுறாரு. நெஞ்சுச் சளின்னு நெனச்சேன்" என்றாள். இப்போதெல்லாம் மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்க்கிறார்கள், ஊசிக்குச் சென்னை போக வேண்டாம், நம் ஊரிலேயே மாட்டுத்தாவணிப் பக்கம் போடுகிறார்கள். உடனே கூட்டிப் போ என்று சொல்லியிருக்கிறேன். நீங்களும் அவள் வீட்டுக்குக் கஷாயம் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

ஒன்று மட்டும் சொல்லி முடித்துவிடுகிறேன். அத்தை தள்ளாத வயதில் படுத்தபோது எனக்குக் கல்யாண வயதில் பிள்ளைகள் இருந்தார்கள். இனி நேரமில்லை என்று தெரிந்ததும், நம் வழக்கப்படி பால் ஊற்றச் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். நல்ல மத்தியானம். யாரோ அத்தையின் தலையைப் பின்னால் சாய்த்து, டம்ளரிலிருந்து கரண்டியில் பாலை எடுத்தார்கள்.

"ஊத்தாத!" என்று கரகரத்தது அம்மாவின் குரல். அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கட்டிலில் உட்கார்ந்து, அத்தையின் தலையைத் தன் தோளில் ஏந்திக்கொண்டாள். தாடையை நெஞ்சுப் பக்கமாகத் தாழ்த்தினாள். பால் டம்ளரை எடுத்தாள். எல்லோரும் பார்க்க முதலில் தான் வாய் வைத்து ஒரு மடக்குக் குடித்தாள். பிறகு அதே டம்ளரை அத்தையின் உதட்டில் வைத்தாள்.

"நான் குடிச்சுட்டேன் மதினி. இப்ப நீங்க" என்றாள்.

அத்தை குடித்தாள். இருமவே இல்லை.